மீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி

அப்பா ஒரு பட்டறையில் பாரம் கட்டும் வேலை பார்த்தார். கொதிகலனும் எண்ணெய்த் தொட்டியும் செய்கிற பட்டறை. கிரேன் கொக்கியிலிருந்து தொங்கும் இரண்டு சங்கிலிகளால் தகட்டையோ உருளையையோ கட்டிக்கொடுப்பது அவர் வேலை. தூக்குவது கிரேன்காரர். இருபத்தெட்டு வருஷம் ஒருவர் தரையில், ஒருவர் மேலே கூண்டில். அப்பா கையைக் காட்டுவார், அவர் தூக்குவார்.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, ஏழு டன் தொட்டி மூடி ஒன்றைத் தூக்கும்போது இடப்பக்கச் சங்கிலி அறுந்தது. மூடி சாய்ந்து இறங்கியது. ஆட்டத்தை அடக்க அப்பா அதன் மேல் கை வைத்து நின்றிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். வயது ஐம்பத்தேழு.

அவர் எட்டாவது வரை படித்தவர். சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. கட்டில் வாங்கப் போனால் முதலில் வாசற்படியை அளப்பார். சமையலறைப் பாத்திரப் பலகை நடுவில் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று நூல் கட்டிப் பார்ப்பார். நாலு மில்லி தாண்டினால் பாத்திரத்தையெல்லாம் இறக்கிவிட்டுப் பலகையைத் திருப்பிப் போடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பட்டறையில் அவர் பேர் மீட்டர்.

“மீட்டரு, என் சம்பளம் எவ்வளவு நீண்டிருக்குன்னு கொஞ்சம் அளந்து சொல்லேன்.”

“அது சுருங்குற சாமான்ப்பா. இந்த டேப்புல வராது.”

இதை வீட்டில் வந்து சொல்லி அவரே சிரிப்பார். அதிகம் பேசமாட்டார். வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை தூங்குவார். என்னை இயந்திரவியல் படிக்க வைத்தது அவர் ஆசையில்லை, என் ஆசை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு சின்னச் சந்தேகத்துக்கும் எனக்கு போன் செய்வார். “இன்ஜினியரம்மா, ஒரு நிமிஷம்” என்றுதான் ஆரம்பிப்பார்.

கிரேன்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவை எடுத்த அன்று அவர் வந்து தெருவில் நின்றார். அம்மா கதவைச் சாத்தச் சொன்னாள்.

“அவன்தான் வெடுக்குன்னு தூக்கியிருப்பான். உங்க அப்பா அளந்த சங்கிலி அறுமா?”

பட்டறையும் அதையேதான் சொன்னது. மேலாளர் கழுவுற மீனில் நழுவுற மீன். “சங்கிலி ஒழுங்கா இருந்துது, நோட்டுல எழுதியிருக்கு. அப்போ தூக்கின விதத்துலதான் கோளாறு.” கிரேன்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அரசு ஆய்வாளர் விசாரணை தொடங்கினார். கவனக்குறைவால் உயிரிழப்பு என்று முடிவானால் வேலை போகும், சிறையும் உண்டு.

“நீ படிச்சவ” என்றாள் அம்மா. “அவன் தப்புன்னு கணக்குப் போட்டு எழுதிக் குடு.”

போட்டேன்.

கடினமான கணக்கில்லை. முதல் வருஷப் பாடம். ஏழு டன்னை இரண்டு சங்கிலி பங்குபோடும். சரிவாகத் தொங்குவதால் பாதியைவிடக் கொஞ்சம் கூடும்: ஒவ்வொன்றிலும் நாற்பதாயிரம் நியூட்டன். சங்கிலிக் கம்பியின் தடிமன் பதின்மூன்று மில்லி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி; அதற்கு இரண்டு கால். இரண்டின் குறுக்குப் பரப்பும் சேர்ந்து 265 சதுர மில்லி. பாரத்தைப் பரப்பால் வகுத்தால் ஒவ்வொரு சதுர மில்லியும் தாங்குவது 151 நியூட்டன். இதைத் தகைவு என்போம். அது சாதாரண இரும்பு. 250வரை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் திரும்பாது, அறுந்தும் போகலாம்.

151 என்றால் பயமில்லை. ஆனால் பாரம் மெல்ல ஏறாமல் ஒரே அடியாக ஏறினால் தகைவு இரண்டு மடங்கு. 302. அதைத் தாங்காது.

அம்மா சொன்னதையே கணக்கும் சொன்னது. அதை ஒரு பக்கத்தில் சுத்தமாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதோடு சேர்க்க அப்பாவின் நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டது. சங்கிலி ஒழுங்காக இருந்ததற்கு அதுதான் சாட்சி. பட்டறைச் சுவரில் ஒரு விதி எழுதியிருந்தது: ஒரு மீட்டருக்கு ஐம்பது மில்லி நீண்டால் சங்கிலியைக் கழிக்க வேண்டும். அப்பா சங்கிலி புதிதாக வந்த அன்று ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு சிவப்புக் கோடு போட்டார். ஒவ்வொரு ஜனவரியும் அந்தக் கோடுகளுக்கு நடுவே அளந்து எழுதினார். மொத்தம் ஆறு ஜனவரி. 1023. 1025. 1022. 1026. 1024. 1023. ஒன்றுகூட 1050ஐ நெருங்கவில்லை.

இரண்டு தடவை படித்துவிட்டு மூடினேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது. நீண்ட சங்கிலி சுருங்காது. 1025 ஆனது அடுத்த வருஷம் எப்படி 1022 ஆகும்?

ஆய்வாளரிடம் அனுமதி வாங்கிக் கிடங்குக்குப் போனேன். அறுந்த சங்கிலி முத்திரையிட்ட பெட்டியில் இருந்தது. அதே நாளில் வாங்கிய சங்கிலியில் ஒரு துண்டு, பயன்படுத்தாமல், ஆணியில் தொங்கியது. இரண்டையும் தரையில் நீட்டிப் போட்டு ஒரு மீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணினேன். புதியதில் இருபத்தைந்தரை. அப்பாவின் சங்கிலியில் இருபத்திரண்டு.

கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் ஒவ்வொன்றும் மூன்று மில்லி தேய்ந்து பள்ளமாக இருந்தது. இழுத்துப் பிடித்தால் அந்தப் பள்ளம் வெளியே தெரியாது. ஒரு கண்ணி இன்னொன்றை மூடிக்கொள்ளும்.

வருஷா வருஷம் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். பெயின்ட் போய்விடும். அப்பா புதிதாக ஒரு மீட்டர் அளந்து புதுக் கோடு போட்டிருக்கிறார். ஏற்கெனவே நீண்டிருந்த சங்கிலியின் மேல். ஒவ்வொரு ஜனவரியும் அவர் அளந்தது அந்த ஒரு வருஷத்து நீட்சியை மட்டும். ஆறையும் பெருக்கினேன். நூற்றுக்குப் பதினைந்து. இரண்டாவது வருஷமே விதி எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மூன்றாவதில் தாண்டிவிட்டது. இரண்டு சங்கிலியும் ஒரே மாதிரி நீண்டதால் பாரமும் சாயவில்லை.

தேய்ந்த இடத்தில் தடிமன் பத்து மில்லி. பரப்பு 157. நாற்பதாயிரத்தை வகுத்தேன். 255.

வெடுக்கென்று தூக்க வேண்டியதே இல்லை. மெல்லத் தூக்கினாலும் 255. கடைசி மாதங்களில் மூடி தூக்கிய ஒவ்வொரு நாளும் அது நடந்திருக்கிறது.

அங்கேயே கிடங்குத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கிடங்குக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பெருக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன், முதல் வேலையில் சேர்ந்து நாலு மாதம். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

“இன்ஜினியரம்மா, ஒரு நிமிஷம். கழுவினதுல பெயின்ட் போயிடுச்சு. பழைய கோடு எங்கன்னு தெரியல. புதுசா ஒரு மீட்டர் வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்கோங்கப்பா. விடாம அளக்கிறதுதான் முக்கியம்.”

“அப்போ சரி.”

அவ்வளவுதான். கண்ணியை எண்ணுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நீட்சி என்பது முதல் நீளத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

முதலில் எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். விசாரணையில் இரண்டாவது கணக்கைக் கொடுத்தேன். ஆய்வாளர் நிதானமாகப் படித்தார். நோட்டை அவரே பெருக்கிப் பார்த்தார்.

“உங்க அப்பாவுக்கு எதிரா வரும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

போன் பேச்சையும் சொன்னேன். எழுதுவதை நிறுத்தினார்.

“நீங்க அந்தப் பட்டறையில வேலை பார்க்கலையே.”

“இல்ல.”

“அப்போ அது எங்க விசாரணைக்குள்ள வராதும்மா.”

மேலாளரைப் பார்த்து, சங்கிலி அளக்கப் பட்டறை யாருக்காவது பயிற்சி கொடுத்ததா என்று கேட்டார். “அவருக்குத் தெரியாததா சார், அவர்தான் மீட்டராச்சே” என்றார் மேலாளர். இதை ஆய்வாளர் எழுதிக்கொண்டார். ஆனால் முடிவில் அது இடம்பெறவில்லை. முடிவு ஒரே வரி: பாரம் கட்டுபவரின் அளவீட்டுத் தவறு. செத்தவர் மேல் வழக்கில்லை. கோப்பை மூடினார்கள்.

அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். போன் பேச்சையும் சொன்னேன். அவள் எழுந்து போய்த் துணியை மடித்தாள். அப்பாவின் சட்டைகளும் அதில் இருந்தன. பிறகு நாலு நாள் என்னிடம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கிரேன்காரர் வந்தார். திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அம்மாவே கதவைத் திறந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“எனக்காகவா சொன்னே?” என்று என்னைக் கேட்டார்.

“இல்ல மாமா. கணக்கு அப்படி.”

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு வருஷமா, அதே மூடியைத் தூக்கினா, முன்னைவிடக் கொக்கி ஒரு முழம் மேல போனாதான் தரையை விட்டு எழும்புச்சு. மேல தண்டவாளம் இறங்கிடுச்சோன்னு நினைச்சேன். அவன்கிட்ட விளையாட்டா சொன்னேன். ‘மீட்டரு, தரை கீழ போயிட்டு இருக்குய்யா’ன்னு. அவனும் சிரிச்சான்.”

“அதை விசாரணையில சொன்னீங்களா?” என்றாள் அம்மா.

“யாரும் கேக்கல.”

“அப்போ அந்தத் தாள்ல ஏன் அவர் பேரு மட்டும் இருக்கு?”

அடுப்பில் பால் பொங்கியது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன்.

“ரெண்டு பேரும் போய்ச் சொல்லுங்க” என்றாள். “அவர் தப்பு இல்லன்னு சொல்லச் சொல்லல. தனியா செய்யலன்னு எழுதச் சொல்லுங்க.”

“நான் சொன்னா திரும்ப நிறுத்துவாங்க” என்றார் கிரேன்காரர். “எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா.”

“இருக்கட்டும். உங்க இஷ்டம்.”

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் அலுவலக வாசலில் சந்திப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றேன். பதினொன்றரை வரை பார்த்தேன். வரவில்லை. போன் செய்யவில்லை. வேலை நேரம், கூண்டில் இருப்பார்.

உள்ளே போனேன். போன் பேச்சை எழுதிக் கொண்டுபோன தாளை எழுத்தர் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இதுல என்ன கேக்கறீங்க? நஷ்டஈடா?”

“இல்ல. என் பேரையும் அந்த முடிவுல சேர்க்கணும்.”

“அதுக்குப் படிவம் கிடையாதும்மா. கோப்பு மூடியாச்சு.”

“பெற்றுக்கொண்டதா ஒரு முத்திரையாவது போடுங்க.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். தாளை ஒரு கோப்புக் கட்டின் அடியில் வைத்தார்.