ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒலிவ மரம்

பிள்ளைகளே, நான் பெரிதாகப் படித்தவனில்லை. ஆனால் ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்த கதையை உங்களுக்குச் சொல்ல வேணும்.

என் பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போன பிறகு, இந்தக் குளிர் தேசத்தில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறேன். பால்கனியில் வைக்கத் தொட்டியோடு ஒரு ஒலிவ மரம் வாங்கினேன். குளிர் தொடங்கியதும், எங்கட ஆக்கள் கறிவேப்பிலைக் கன்றை உள்ளே எடுப்பதுபோல, அதையும் எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றினேன். வேலையால் வந்ததும் அதோடுதான் கதைப்பேன். இலைகள் கொட்டத் தொடங்கின.

ஒருநாள், தன் வீட்டுக்கு மாறி வந்த என் பார்சலைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுச் சைப்பிரஸ்கார அம்மா வந்தா. அவவின் நாட்டில் எங்கே பார்த்தாலும் ஒலிவ மரம்தானாம். மரத்தைக் கண்டதும் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தா.

"இதென்ன, மரத்துக்கு நீச்சல் பழக்குறீங்களோ? இதுக்குக் குளிர் வேணும். வெளியில விடுங்கோ."

"தனிய நிண்டு விறைக்காதோ?"

"ஆர், மரமோ? நீங்களோ?" என்று சிரித்தா.

அதுக்குக் குளிருமே என்பதற்காக நான் அதை உள்ளே எடுக்கவில்லை. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கே வெளியே வைத்தேன். சித்திரையில் துளிர்த்தது.

இப்போது குளிர் காலத்தில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பால்கனியில் நின்றுதான் தேத்தண்ணி குடிக்கிறேன். அதுக்கு உள்ளே வர ஏலாது, பிள்ளைகளே. எனக்கு வெளியே போக ஏலும்.