எடைமேடைக்கு அறுபது மீட்டர் முன்னால்

போன வருடம் சென்னையில் ஓடிய மாரத்தானை 3 மணி 51 நிமிடம் 26 விநாடியில் முடித்தேன். இந்த வயதில் இது பெரிய விஷயம் என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வெளிநாட்டில் ஒரு பெரிய மாரத்தான் இருக்கிறது. ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அதில் ஓடிவிட முடியாது. வேறு ஏதாவது ஒரு மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்டினால்தான் விண்ணப்பமே போட முடியும். என் வயதுப் பெண்களுக்கு அந்தத் தகுதி நேரம் 3:50. ஒரு நிமிடம் இருபத்தாறு விநாடியில் கோட்டைவிட்டேன். என் பங்குக் கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பேன். வேப்பம்பட்டில் எங்கள் தெரு நாய்கள்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன. அவ்வளவு அதிகாலைகளில் அவற்றைத் தாண்டி ஓடியிருக்கிறேன். இருபத்திரண்டு வாரப் பயிற்சி. விண்ணப்பம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு மாரத்தான்தான் பாக்கி இருந்தது. தை மாதம் இரண்டாவது ஞாயிறு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலைகளில்.

அங்கேயா மாரத்தான் என்று கேட்பவர்களுக்கு: அகலமான சாலை, மேடு பள்ளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லாரிகள் குறைவு. வேகமான நேரம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. அழகு வேண்டுமென்றால் வேறு எங்காவது போங்கள்.

சனிக்கிழமை பகல் 12.10க்கு வேப்பம்பட்டில் ரயில் ஏறினேன். சென்ட்ரல் வரை போக வேண்டாம். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிவிடலாம். இருபது ரூபாய் டிக்கெட். அத்திப்பட்டில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு இருபத்தைந்து நிமிடம் நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், நான் மட்டும் கதவுக்கும் இருக்கைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டி வயல்கள் வந்தன. நான் பார்த்ததென்னவோ கைக்கடிகாரத்தைத்தான்.

3.20க்கு கும்மிடிப்பூண்டி. நெடுஞ்சாலை ஓரத்து விடுதிக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"எதுக்கு மேடம் வந்துக்கிறீங்க? கம்பெனில ஆடிட்டா?"

"நாளைக்கு ஓட்டப்பந்தயம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நாப்பத்திரண்டா? சூளூர்பேட்டையே தாண்டிடுமே! இதுக்கு டப்பு குடுப்பாங்களா?"

"நாங்கதான் கட்டணும். ஆயிரத்து நூறு."

"கட்டிட்டு ஓடணுமா?" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் என்னிடம் பேசவே பயந்துவிட்டார். இருந்தாலும் மறுநாள் காலை 4 மணிக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, சொன்னபடி வந்தார்.

அன்று மாலை ஜெயசீலன் விடுதிக்கு வந்து என் ஓட்ட எண் அட்டையைக் கொடுத்தார். இணையத்தில் நாங்கள் வைத்திருக்கும் ஓட்டக் குழுவில் அவரும் இருக்கிறார். அதுவரை நேரில் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வயது. கவரைப்பேட்டைக்காரர், தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஆலையில் உலைப் பிரிவில் வேலை. பதினாறு வருடமாக சைக்கிளில் போய் வருகிறார். இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, அதே சாலையில் ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று முறை ஓடியும் கிடைக்கவில்லை.

"இந்தத் தடவ வுட்றதில்லக்கா. எங்க ரோடு இது. எங்க குழி, எங்க ஸ்பீட் பிரேக்கருன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன்" என்றார். அவர் கையில் எங்களைப்போல செயற்கைக்கோளைப் பார்த்துத் தூரம் காட்டும் கடிகாரம் இல்லை. மணி காட்டும் சாதாரணக் கடிகாரம்தான். வேகம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆலை கேட்டுகளை வைத்துச் சொல்வாராம்: முதல் கேட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் இவ்வளவு, அங்கிருந்து லாரிகளை எடை போடும் எடைமேடை இவ்வளவு. அந்த எடைமேடைதான் பாதையின் திருப்பம். அங்கே போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று, 10.55 கிலோமீட்டர். நான்கு சுற்று ஓட வேண்டும்.

ஞாயிறு காலை 5 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. லேசான பனி, எரிந்த இரும்பு வாசனை, மஞ்சள் விளக்குகள். முழு மாரத்தானுக்கு நூற்றுச் சொச்சம் பேர். முதல் சுற்றில் ஜெயசீலன் என்னோடே வந்தார், அவருக்கு அது அதிக வேகம். நான் காதில் பாட்டு மாட்டியிருந்தேன். திருப்பத்துக்கு வந்தபோது ஒரு கண்டெய்னர் லாரி சாலையோரம் பழுதாகி நின்றது. அதற்கு முன்னால் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்துவிட்டு தன்னார்வலர் இருவர் கைகாட்டினார்கள். நான் கூம்பைச் சுற்றித் திரும்பினேன். ஜெயசீலன் திரும்பவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்லி முன்னால் கையைக் காட்டிவிட்டு, லாரிக்குப் பின்னால் ஓடி மறைந்தார். அவசரம் போலிருக்கிறது, ஒதுங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் என் பாட்டுக்கு ஓடினேன்.

ஆறாவது கிலோமீட்டர் பலகை வந்தபோது என் கடிகாரம் 5.88 காட்டியது. எங்கள் கடிகாரங்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. பலகையை யாரோ தப்பாக நட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் வித்தியாசம் இரட்டிப்பானது. மூன்றாவது சுற்றில் திரும்பியபோது, குறைவது பாதைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருக்க, சட்டைக் கையைக் கடிகாரத்தின்மேல் இழுத்துவிட்டேன். இதை இந்தப் பதிவில் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் மூன்று நாள் யோசித்தேன்.

கடைசி ஐந்து கிலோமீட்டர் கால்கள் என்னுடையவையாக இல்லை. வாயில் உப்பு, கண்ணில் உப்பு. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பெரிய மின்கடிகாரத்தில் 3:48:40. முழங்காலிட்டு அழுதேன். ஒரு நிமிடம் இருபது விநாடி மிச்சம்! யாரோ பதக்கம் போட்டார்கள், யாரோ படம் எடுத்தார்கள்.

ஓட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முடித்ததும் முதல் வேலையாக எல்லோரும் மணிக்கட்டை நீட்டி, யாருக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று ஒப்பிடுவார்கள். பாதை நூறு மீட்டர் கூடிவிட்டால் போதும், ஏற்பாட்டாளரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அன்று யாரும் மணிக்கட்டை நீட்டவில்லை. கடைசியில் ஒருவர் மெதுவாக, "இங்க ஜிபிஎஸ் சரியா எடுக்காதுங்க. சுத்தி எல்லாம் இரும்புக் கம்பெனி பாருங்க" என்றார். ஆமாம் ஆமாம் என்று பத்துப் பேர் தலையாட்டினோம். நானும்தான். என் கடிகாரத்தில் 41.76.

ஜெயசீலன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து பாக்குமட்டைத் தட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"இன்னாக்கா பண்றது. நாலு மணி நேரம், அம்பத்திரண்டு செகண்டு. மறுபடியும் போச்சு."

ஆறுதலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முதல் சுற்றில் நீங்க ஒதுங்கப் போகாம இருந்திருந்தா கிடைச்சிருக்கும்" என்றேன்.

"யாரு ஒதுங்கனது? நான் எடமேடைக்குப் போனேன். அங்கதான டர்னிங்கு? லாரி மக்கர் பண்ணி நின்னுக்கினு இருந்துச்சுன்னு கோன இப்பால வெச்சுட்டாங்க. உங்களாண்ட சொன்னேனே, இன்னும் போவணும்னு. காதுல அத மாட்டிக்கினு இருந்தீங்க."

"நாலு சுற்றும் போனீங்களா?"

"பின்ன? அங்க நின்னவங்களாண்டயும் ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன். 'பரவால்லண்ணா, இங்கயே திரும்புங்க'ன்னாங்க."

"கூம்புகிட்டயே திரும்பியிருந்தா நாலு மணிக்குள்ள வந்திருப்பீங்களே!" எனக்குக் கோபமே வந்துவிட்டது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

அவர் பொங்கலில் கிடந்த மிளகை ஓரமாக ஒதுக்கினார். "எங்கிட்ட உங்க மாதிரி வாட்ச் இல்லக்கா. எடமேடயத் தொட்டுட்டு வந்தாதான் நான் எவ்ளோ ஓடினேன்னு எனக்குத் தெரியும். இல்லன்னா அது இன்னா கணக்கு? அடுத்த வாட்டி பாத்துக்கலாம். உங்களுக்கு வந்துடுச்சில்ல? அத்த சொல்லுங்க, சந்தோசம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

10.15க்கு அதே ஆட்டோ வந்தது. ஸ்டேஷனுக்குப் போகாமல் எடைமேடைக்கு விடச் சொன்னேன். லாரி இன்னும் நின்றது, கூம்பும் எடுக்கப்படவில்லை. மாடிப்படி இறங்கக்கூட முடியாத கால்களோடு கூம்பிலிருந்து எடைமேடை வரை நடந்தேன். கடிகாரத்தில் அறுபது மீட்டர்.

"ஓடனது பத்தலியா மேடம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாம், பத்தலை" என்றேன்.

போக அறுபது, வர அறுபது, நான்கு சுற்று: 480 மீட்டர். என் வேகத்தில் 2 நிமிடம் 38 விநாடி. கூட்டினால் 3:51:18. இருபத்திரண்டு வாரம் ஓடி, போன வருடத்தைவிட எட்டு விநாடி முன்னேறியிருக்கிறேன்.

திரும்பும் வண்டி பொன்னேரியில் நின்றபோது ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கூம்பின் படம், கடிகாரத்தின் படம், என் ஓட்ட எண் எல்லாம் வைத்து, பாதை குறைவு, இந்த நேரங்களைத் தகுதிக்குக் கொடுக்க முடியாது என்று. ஓட்டக் குழுவிலும் போட்டேன். மீஞ்சூர் வருவதற்குள் முப்பது பதில்கள். "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க, எங்க நேரத்தை ஏன் கெடுக்கறீங்க?" என்று ஒருவர். பாதி நியாயம்தான். ஏற்பாட்டாளர் ஜிபிஎஸ் தவறு என்று பதில் அனுப்பினார். முடிவுப் பட்டியல் அப்படியே இருக்கிறது. என் பெயருக்கு நேராக 3:48:40 என்றுதான் இன்றும் போட்டிருக்கிறது. ஜெயசீலனுக்கு 4:00:52. அந்தப் பட்டியலில் உண்மையான மாரத்தான் நேரம் அவருடையது ஒன்றுதான்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் நேற்று முன்தினம். படிவத்தைத் திறந்து, நேரத்தையும் அடித்து வைத்துக்கொண்டு, இரவு சமையலின்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை. பெருந்தன்மை என்றெல்லாம் நினைக்காதீர்கள், வயிறு எரிகிறது. திரும்பப் போய் அந்தக் கூம்பை அளந்து பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தினமும் தோன்றுகிறது. நேற்றுக் காலை மறுபடி ஓட ஆரம்பித்தேன். காதில் பாட்டு மாட்டவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். சனிக்கிழமை மதியமே போய்விடுங்கள், ஞாயிறு முதல் வண்டியை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை விடுதியில் அறை தொள்ளாயிரம் ரூபாய். பின்பக்க அறையாகக் கேளுங்கள், முன்பக்கம் லாரிச் சத்தம். காலை 6.30க்குமேல் ஷிப்ட் பேருந்துகள் வரும், இடது ஓரமாக ஓடுங்கள். தண்ணீர் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒருமுறைதான், கையில் ஒரு சின்ன புட்டி இருக்கட்டும். உள்ளூர்க்காரர் யாராவது கையைக் காட்டி ஏதாவது சொன்னால் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

திருப்பம் எடைமேடையில். கூம்பு எங்கே இருந்தாலும் சரி.