பனியின் மேல் போட்ட பழி

அந்தத் தை மாதம் கிளிநொச்சிக்குப் பக்கத்து எங்கள் ஊரான அக்கராயனில் குளிர் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. ஏழு மணியாகியும் பனிக்குள் குளக்கட்டு தெரியாது. ஓமந்தைக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்த என் கணவர், மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். வயலில் அறுவடை தொடங்கியிருந்தது. எங்களிடம் பெட்டி பூட்டிய ஒரு பழைய டீசல் உழவு மெசின், டிராக்டர், இருந்தது. அதை ஓட்டப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒருவரைக் கணவர் கூப்பிட்டிருந்தார். சின்ன வயதில் மலையகத்திலிருந்து பெற்றோரோடு வந்து, இங்கேயே காடு வெட்டிக் குடியேறியவர். அதிகம் கதைக்காத மனிசன்.

ஒருநாள் காலை அந்த ஓட்டுகிறவர் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வயலில் நெல்லு மூட்டைகள் கிடந்தன. அவற்றை வீட்டுக்கு ஏற்றிவர நானே மெசினில் ஏறினேன். கலியாணத்துக்கு முன்னமே ஓட்டப் பழகினவள் நான். திறப்பைச் செருகி, எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பக்கம் திருப்பி, இருபது எண்ணும்வரை பிடித்தேன். பிறகு ஸ்டார்ட் பண்ணினேன். நாலு தரம் இருமி, வெள்ளைப் புகை விட்டு, நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பற்றரிதான் களைத்தது. ஓடிப்போய் மூட்டைகளைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடுவதற்குள் பாதி நனைந்துபோயிற்று.

"பனிக்கு உது உப்பிடித்தான். நீர் இனி உதில கை வையாதையும்," என்றார் கணவர், கதிரையில் இருந்தபடியே.

அடுத்த நாளும் அதே பனி. ஓட்டுகிறவர் வந்தார். மெசினின் மற்றப் பக்கம் போய்க் குனிந்தார். எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்து ஏறினார், முதல் சுற்றிலேயே மெசின் பிடித்துக்கொண்டது.

பிறகும் இரண்டு தரம் அவர் இல்லாத நேரத்தில் முயன்றேன். வரவில்லை. அவர் வந்து குனிந்தால் வந்தது.

"அந்தாள் என்னவோ செய்யுது. தான் இல்லாட்டி எங்களுக்கு ஏலாது எண்டு காட்டப் பாக்குது," என்றேன் கணவரிடம்.

அவர் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "இருக்கும். ஆரின்ர மனசில என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அதோடு எனக்கு எல்லாமே பிழையாகத் தெரியத் தொடங்கியது. ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். டாங்கிக்குள் தடி விட்டு டீசல் குறைகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

ஒரு பின்னேரம் விறகு பொறுக்குவதுபோல் நின்று கவனித்தேன். மெசினை நிறுத்தியவர் டாங்கியின் அடியில் கையை விட்டு எதையோ திருகினார். அவர் போனதும் நான் போய்த் தடவினேன். டீசலைத் திறந்து மூடுகிற சின்னப் பைப்பு இறுகப் பூட்டியிருந்தது.

அடுத்த நாள் காலையில் அவரைப் படலை வாசலிலேயே மறித்தேன்.

"டீசலை ஏன் பூட்டிப்போட்டுப் போறியள்?"

தலையில் சுற்றியிருந்த துவாயைக் கழற்றினார். "அக்கா, அண்ணனக் கேளுங்க."

"நான் உங்களைத்தான் கேக்கிறன்."

"அவருதான் பூட்டச் சொன்னாரு. இல்லாட்டி நீங்களே மெசின எடுத்துக்கிட்டுப் போயிருவீங்களாம். வேணாம்னுதான் நானும் சொன்னேன்."

உள்ளே போனேன். கணவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"இவ்வளவு நாளும் ஒண்டுக்கும் உதவாமல் கிடக்கிறன்," என்றார். "மெசினையும் நீர் எடுத்தால் எனக்கு இஞ்ச என்ன வேலை?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "அதுக்கு அந்த மனிசனை ஏன் கள்ளனாக்கினீங்கள்?"



பைப்புப் பூட்டியிருக்க நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்ததில் டீசல் குழாய்க்குள் காற்று ஏறியிருந்தது. ஓட்டுகிறவர் குனிந்து, பைப்பைத் திறந்து வெளியேற்றியது அந்தக் காற்றைத்தான். எப்படியென்று அன்றைக்கே எனக்கும் காட்டித் தந்தார். டீசல் பம்பின் திருகாணியைத் தளர்த்தி, பக்கத்துச் சின்ன நெம்பை விரலால் அடிக்க, முதலில் நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல். விரல்கள் விறைத்துப்போயின. ஹீட்டரைப் பிடித்து, ஸ்டார்ட் பண்ணினேன். மெசின் குலுங்கி எழும்பியது.

"நான் டீசல் திருடுறேன்னு நெனச்சீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

தலையை ஆட்டினார். அந்த அறுவடை முடியும்வரை வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வேலைக்கு வரவில்லை. ரோட்டில் கண்டால் சிரிப்பார், சைக்கிளை நிறுத்த மாட்டார்.

கணவருக்குக் கால் சுகமாகிவிட்டது. இப்போது இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுகிறோம். "இண்டைக்கு மழை வரும், கிளிநொச்சிக்குப் போகாதையும்," என்று அவர் சொன்னால், நான் முற்றத்துக்கு இறங்கி வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.