அம்மாவுக்காக ஒரு கொதிகலன்

மலையூரான வட்டவடையில் தேங்காய் எண்ணெயை ஊற்ற முடியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். மார்கழிக் காலையில் என் மனைவி செல்வி எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் நிறுத்திவிட்டு, அது மனமிளகும்வரை தலைவாராமல் காத்திருப்பாள். என் சொந்த ஊர் கஞ்சிக்கோட்டில் மதியம் குழாயைத் திறந்தால் கொதிக்கும் முதல் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் கை நனைக்க முடியும் என்று நான் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. மாமனார் ஊரில் வந்து குடியேறிய மாப்பிள்ளை பெருமைக்கு அளக்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள்.

துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் மட்டும்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் வெளிநாட்டுக்காரன்தான், பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவே. கேரளத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறையூர் வழியாக மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறில் ஜீப் பிடித்தால் என் புது நாடு வரும். இங்கும் தமிழ்தான். ஆனால் நான் "ஏனுங்க, கேரட்டு எப்பங்க புடுங்குவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டால், ஏதோ ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று எழுந்து நிற்கிறார்கள்.

அப்பா போன பிறகு அம்மா கஞ்சிக்கோட்டில் தனியாக இருந்தாள். போன மார்கழியில் கூட்டிவந்தேன். வந்த வாரமே முழங்கால் வீங்கி, "என்ற மகன் என்னைய ஐஸ் பொட்டிக்குள்ள வெச்சுட்டானுங்க" என்று ஜீப் டிரைவரிடம் முறையிட்டபடி கிளம்பிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை வருவாள். அப்போதும் குளிர் தாங்கவில்லை என்றால் நான் இனிமேல் கூப்பிடவே கூடாது. இதுதான் அவள் போட்ட நிபந்தனை. செல்வியின் பூண்டுத் தோட்டத்தை விட்டு நான் இறங்க முடியாது, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இங்கே எனக்குச் சோறும் இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில், வீட்டுக்கு வெளியே ஒரு தாடிக்காரர் இரும்பு அறையில் விறகு எரிக்கிறார். அறையைச் சுற்றியுள்ள தொட்டியில் தண்ணீர் சூடாகி, பம்பு தள்ள, மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்குள் போகிறது. அங்கே சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. உள்ளே அவருடைய மனைவி கையில்லாத சட்டையோடு காப்பி குடிக்கிறாள். இது போதாதா? வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் குழாய் ஃபிட்டராக இருந்தவன் நான். கோவைப் பட்டறையில் கொதிகலனைச் செய்யச் சொல்லி, ஜீப்பில் கட்டி ஏற்றிவந்தேன்.

புகைபோக்கியை நிறுத்தியதுமே ஊர் முடிவு கட்டிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, எப்ப இறக்குவீக? நமக்கு ஒரு குப்பி ஓரமா எடுத்து வைங்க."

"சாராயம் இல்லீங்க, இது ஊட்டச் சூடு பண்றதுக்குங்க."

"சரி சரி, யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

குழாய் பதித்து, வால்வு பூட்டி, வீட்டுக்குள் ரேடியேட்டர்கள் மாட்டி, சூட்டில் பெருகும் தண்ணீருக்கு மேலே திறந்த சிறு தொட்டியும் வைத்துத் தீ மூட்டினேன். கிராண்டிஸ் தைலமர விறகு வண்டி வண்டியாக எரிந்தது. தொட்டித் தண்ணீர் கொதித்தது. வீடு மட்டும் எப்போதும்போல விறைத்துக் கிடந்தது. காலையில் வெளியே வந்து பார்த்தால், நிலமெல்லாம் வெள்ளையாக உறைபனி. கொதிகலனிலிருந்து வீடுவரை ஒரே ஒரு கோடு மட்டும் ஈரமண். அந்தக் கோட்டின்மேல் மச்சினனின் ஆடுகள் வரிசையாகப் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

உருக்காலையில் என் வேலை கூலிங் டவர் லைன். உலைக்குப் போய்க் கொதித்து வரும் தண்ணீரின் சூட்டைக் காற்றிலும் மண்ணிலும் இறக்குவதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். அங்கே சூடு போகாமலிருக்கக் குழாய்க்கு யாராவது சட்டை போட்டுவிடுவார்களா? பழகிய கை இங்கேயும் அதையே செய்து வைத்திருந்தது.

"அம்மாவுக்குன்னு சொன்னீக. ஆட்டுக்குல்ல போட்டு வச்சிருக்கீக" என்றாள் செல்வி.

மறுபடி தோண்டினேன். குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, ஈரம் புகாமல் தார்ப்பாய் உறை போட்டு மூடினேன். ஆடுகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் வீடு சூடானது. எண்ணெய் பாட்டிலுக்குள் தானாக உருகியது. இந்த மார்கழிக்கு அம்மா வந்தாள், சுவரோர ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள். நான் ஜெயித்தே விட்டேன் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் புரண்டு புரண்டு பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சாமி, அந்த ஃபேனப் போடு."

"ஃபேன் இல்லீங்கம்மா. இந்த ஊருல யாரும் வெக்கறதில்ல."

"ஃபேன் ஓடாம எனக்கு என்னைக்குத் தூக்கம் புடிச்சிருக்குது? நான் போறேன்."

மூணாறில் கேட்ட கடையெல்லாம் ஹீட்டரை எடுத்து நீட்டினார்கள். ஃபேன் என்றதும், வெயிலில் வந்தவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் உட்காரச் சொன்னார்கள். கடைசியில் கஞ்சிக்கோட்டுக்கே போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, அவள் அறையில் தொங்கிய ஃபேனையே கழற்றிக்கொண்டுவந்தேன். எங்கள் உத்தரத்தில் புதுக் கொக்கி அடித்து மாட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சினன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கேட்டான்: "மச்சான், சூடு போட ஒரு மிசினு, அத ஆத்த ஒரு மிசினா?"

நான் ஏணியிலிருந்து இறங்கி ஸ்விட்சைப் போட்டேன். அம்மா ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை குறட்டை விட்டாள். எழுந்ததும் போகிறேன் என்ற பேச்சை எடுக்கவில்லை. மனசு நிறைந்துதான் போனது, பொய் சொல்வானேன். அன்று சாயங்காலம், கொதிகலனுக்கு விறகு போட எழுந்தவனை நிறுத்திக் கேட்டாள்.

"சாமி, கஞ்சிக்கோட்டு ஊட்டு ஃபேன் கொக்கியக் கழட்டலையல்ல?"

"இல்லீங்கம்மா, அப்படியேதான் தொங்குது."

"இருக்கட்டும், என்னைக்காச்சும் திரும்ப மாட்டோணுமல்ல" என்று ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே போய், வழக்கமான விறகுக்கு மேல் இன்னும் இரண்டு கட்டையைத் தள்ளினேன்.