அம்மா துடைத்த இலைகள்

ஈரத்துணியால் துடைக்கும்போது ஆடாதொடை இலையிலிருந்து ஒரு கசப்பு வாடை எழும். நனைந்த களிமண் தூசியின் வாடையும் அதோடு சேர்ந்துகொண்டால், அதுதான் என் சிறுவயதுக் காலைநேரம். அம்மா, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வேலியோரம் நிற்கும் செடிகளின் இலைகளைக் கை எட்டும் உயரம் வரை துடைத்துக்கொண்டே போவாள். துடைத்த துணியைத் திருப்பிப் பார்ப்பாள். அதில் வெள்ளை அதிகம் அப்பியிருந்தால் உடனே வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். உள்ளே என் தங்கை தேன்மொழி பாயில் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பார்வை. மாடு கழுவுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், செடியைக் கழுவித் துடைப்பார்களா என்று தெருவில் கேலி பேசினார்கள். “எல தொடைக்கிறவ” என்று அம்மாவுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலியைக் காதில் வாங்கிக்கொள்ள அம்மாவுக்கு நேரம் இருந்ததில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில், ஒரு கம்பெனியின் காயப்போடும் களத்தை ஒட்டியே எங்கள் வீடு இருந்தது. களத்தில் களிமண் காயும்; காய்ந்ததை உடைப்பார்கள், பொடிப்பார்கள், சலிப்பார்கள். அந்தப் பொடியை நாங்கள் “மாவு” என்றுதான் சொல்வோம். பங்குனி பிறந்து காற்று சூடாக வீசத் தொடங்கினால், கொடியில் காயும் துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் தலைமயிரிலும் மாவுதான். எங்களுக்கெல்லாம் அது வெறும் தும்மலோடு போய்விடும். தேனுவுக்கு மட்டும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் லேசாக ஒரு விசில் சத்தம் கேட்கும். பிறகு தோள்பட்டை இரண்டும் ஏறி ஏறி இறங்கும். “இழுப்பு வந்துடுச்சி” என்று அம்மா சொல்லும்போது எனக்கும் கூடவே மூச்சு முட்டும். அவளைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூட காதுக்குள் அந்த விசில் சத்தம் கேட்பதுபோலவே இருக்கும்.

டாக்டர் இடத்தை மாற்றச் சொல்லிவிட்டார். அப்பா அதே கம்பெனியில் களிமண் பிழியும் இடத்தில் வேலை பார்த்தார். எங்களுக்கென்று இருந்ததும் அந்த ஒரு வீடுதான். எங்கே மாற்றுவது? திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், தேனுவைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். அங்கே சுற்றிலும் வயல், பள்ளிக்கூடமும் கிட்டத்தில். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அப்பாவுக்கு அது சரி என்றுதான் பட்டது. அம்மா அடம்பிடித்து ஒரு கோடை வரைக்கும் தவணை வாங்கினாள். கத்திரி முடியும்வரை பார்ப்போம், அதற்குள் இழுப்பு வந்தால் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலண்டர் முன்னால் நின்று, கத்திரி முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

அம்மா நம்பியது செடிகளை. களத்துப் பக்கம் ஏற்கெனவே ஒரு வேம்பு இருந்தது. ஆனால் மாசியில் அது இலையெல்லாம் கொட்டிவிட்டு, தூசி கிளம்புகிற நேரம் பார்த்து மொட்டையாக நிற்கும். “வோணுங்கற நேரத்துல எலய உதுத்துட்டு நிக்கிறத வெச்சிக்கிட்டு இன்னா பண்றது? எப்பவும் பச்சையா இருக்கறதுதான் வோணும்” என்பாள். ஐப்பசி மழையில் மணிமுத்தாற்றங்கரையிலிருந்து ஆடாதொடைக் கிளைகளை ஒடித்துவந்து நட்டாள். ஆடுகூட வாய் வைக்காத செடி என்பதால் காவல் தேவையில்லை. அதற்குப் பின்னால் நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, சமையற்கட்டு ஓரமாகக் கறிவேப்பிலை. பாத்தி ஓரங்களுக்குச் செங்கல் இல்லை. கம்பெனிச் சூளையில் விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை நானும் தேனுவும் பாவாடையில் கட்டிக்கொண்டுவந்து வரிசையாகப் பதித்தோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் கூழாங்கல்.

செடிகள் வஞ்சனை செய்யவில்லை. தை மாதத்திலேயே இடுப்பு உயரம் வந்துவிட்டன. களத்தைப் பார்த்த பக்கத்து இலைகள் வெளுத்துக் கிடக்கும். வீட்டைப் பார்த்த பக்கத்து இலைகள் கழுவிவிட்டதுபோல் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் அம்மா தைரியம் அடைந்தாள். தூசி படிந்து மூடிக்கொண்டால் இலை சோர்ந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால்தான் அந்தத் துடைப்பு. வெயில் ஏறிய பிறகும் அந்தப் பக்கத்து அறையில் ஒரு குளிர்ச்சி தங்கியது. ஒரு தையல்சிட்டு வந்து இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியது. கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள். பங்குனி முழுவதும் தேனுவுக்கு இழுப்பு வரவில்லை. எனக்கோ, நன்றாக இருப்பதே பயமாக இருந்தது. அவள் சிரித்தால்கூட, சிரிப்பின் கடைசியில் விசில் சத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன்.

சித்திரையில் அடிபம்பில் தண்ணீர் இறங்கிவிட்டது. குடிக்கவே பிடித்துவைக்க வேண்டிய நிலையில் செடிக்கு ஊற்ற முடியவில்லை. அப்பா அதுவரை செடி விஷயத்தில் தலையிட்டதில்லை. ஆனால் மண் விஷயம் வந்தால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தொட்டுப் பார்த்தே மண்ணின் ஈரத்தைச் சொல்லிவிடுவார். கம்பெனியில் களிமண் கரைசலைத் துணிக்குள் அழுத்தித் தண்ணீரைப் பிழிந்தால் தட்டையாக ஒன்று வரும். அதற்கு அங்கே “கேக்கு” என்று பெயர். பிறந்தநாள் கேக்கு என்று ஒன்று இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். கல் கலந்து வீணான கேக்குகளைச் சைக்கிளில் கொண்டுவந்து, செடிகளின் அடியில் கனமாகப் பரப்பி, கையாலேயே மெழுகிவிட்டார். “இது ஈரத்தப் புடிச்சி வெச்சிக்கும். கத்திரி முடியிற வரைக்கும் கவல இல்ல” என்றார். மற்ற ஊரில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் வந்து பார்த்து, நல்ல யோசனை என்றார்கள். பாத்தி சாமி அறைத் தரைபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவாள். சாயங்காலம் வரை அது அப்படியே பளபளவென்று தேங்கி நிற்கும். காயவே இல்லை பார் என்று அப்பா சந்தோஷப்படுவார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கொஞ்ச நாளில் நந்தியாவட்டை இலைகள் ஓரம் சுருண்டன, செம்பருத்தி மஞ்சளடித்தது, எந்தக் காலத்திலும் இலை கொட்டாது என்று அம்மா சத்தியம் செய்த ஆடாதொடையே கீழிருந்து கொட்டத் தொடங்கியது. வெயில்தான் காரணம் என்று இன்னும் ஒரு சுற்று மெழுகினார் அப்பா. செடி வேலியில் ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகக் களம் தெரிந்தது. சிட்டும் கூட்டை விட்டுப் போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் அம்மா அரிவாள்மனையின் அலகைக் கழற்றி எடுத்துவந்து, பாத்தியின் ஓரத்தைக் குத்திப் பெயர்த்தாள். மேலே தண்ணீர் நின்றது. அடியில் மண் சாம்பலாகப் பறந்தது. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, சத்தம்கூடப் போடாமல் சொன்னாள்: “மேலதாங்க தண்ணி நிக்குது. கீழ ஒரு சொட்டு எறங்கல.”

அப்பா குனிந்து அந்த மண்ணை விரலால் தொட்டார். வாழ்நாளெல்லாம் மண்ணைத் தொட்ட விரல். அவர் முகத்தை அதற்குமேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு அடுத்த வாரமே, கத்திரி முடிவதற்குள், தேனுவுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு அடங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

தேனு திட்டக்குடி பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து, ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவள்போல எனக்குக் கை ஆட்டினாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா கடப்பாரையை எடுத்து, தான் மெழுகிய களிமண்ணை முழுவதும் உடைத்து அள்ளிக் களத்தில் கொட்டினார். “நான்தான் மூச்ச அடைச்சிட்டேன்” என்று அவர் சொன்னது செடியைப் பற்றியா, தேனுவைப் பற்றியா என்று அம்மா கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து எருவும் ஆற்றுமணலும் போட்டுப் பாத்தியைக் கொத்திவிட்டார்கள். ஆடி மழையில் குச்சிகளில் துளிர் வந்தது. பொங்கலுக்குள் வேலி என் தலைக்குமேல் எழுந்துவிட்டது.

அந்தப் பொங்கலுக்கு மாமா தேனுவைக் கூட்டிவந்தார். சதை போட்டிருந்தாள். வேலியோரம் ஓடினாள், மூச்சு வாங்கவே இல்லை. அம்மா அவளுடைய பள்ளிக்கூட விஷயமாகப் பேச வாயெடுத்தாள். இனிமேல் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான். அதற்குள் தேனு மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, “நம்ம வூட்டுக்கு எப்ப போறது மாமா? கன்னுக்குட்டி தேடும்” என்றாள். அம்மா திரும்பி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்து, அத்தையிடம் கொடுக்கச் சொல்லி அவள் பையில் வைத்தாள்.

தேனு மங்களூரிலேயே வளர்ந்தாள், அங்கேயே டீச்சரானாள். அவளைக் காப்பாற்றியது வயல்காற்றா, மருந்தா, வயது ஏறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலி யாரையும் குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேலிக்குப் பின்னால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக மூச்சுவிட்டோம். அப்பா இப்போது இல்லை. அந்தக் களமும் இல்லை. அங்கே கார்களை நிறுத்துகிறார்கள், மாவு மூட்டையாகக் கட்டி வந்து கம்பெனிக் கூரைக்குள்ளேயே இறங்குகிறது. காலையில் கொடித்துணியை உதறும் பழக்கம்கூட எங்கள் தெருவில் போய்விட்டது. வேலி மட்டும் இந்தச் சித்திரையிலும் பச்சையாக நிற்கிறது.

போன மாதம் தேனு வந்திருந்தாள். நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாளியும் துணியுமாக வேலியோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவள் சிரித்துக்கொண்டே கேட்டது என் காதில் விழுந்தது: “தூசியே இல்லியேம்மா. இன்னும் எதுக்குத் தொடைக்கிற?”

“நீ வரேன்னு சொன்னியே” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு தேனுவின் மூச்சு விட்டு விட்டு இழுப்பது கேட்டது. அது அழுகை என்று தெரிவதற்குள், மடித்த துணியைப் போட்டுவிட்டு நான் வாசல்வரை ஓடிவிட்டிருந்தேன்.