முகம் தேய்ந்த அந்தோணியார்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே, பழைய சாமான் கடையில் ஒரு பதக்கத்தைத் தேய்த்துப் பார்த்தபோது விரலில் ஏறிய பித்தளை வாடை என்னை நான் வளர்ந்த ஆவடி ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், அவருடைய பாட்டன் காலத்து அந்தோணியார் பதக்கம் தொங்கும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற சாமி அவர் என்பதால், சாவியோ கம்மலோ காணோமென்றால், சிவன்கோயிலுக்குப் போகிற என் அம்மா முதற்கொண்டு எல்லாரும் அக்காவிடம் அதை வாங்கி, கட்டைவிரலால் அந்தோணியார் முகத்தைத் தேய்த்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவோம். "மெதுவா தேய்ங்க, அவருக்கும் வலிக்கும்ல" என்று அக்கா சிரிப்பார். ஃபேக்டரிச் சங்கு ஊதுவதற்குள் பொருள் கிடைத்துவிடும்; சாமியின் கண்ணும் மூக்கும்தான் வருஷத்துக்கு வருஷம் மழுங்கிக்கொண்டு வந்தன.

குவார்ட்டர்ஸை இடித்தபோது ஆளுக்கொரு பக்கம் போனோம்.

இப்போது பழம்பதக்கங்கள் சேர்க்கிறேன். கடைக்காரர் நீட்டிய டப்பா நிறைய அந்தோணியார்கள், எல்லாருக்கும் முகம் தெளிவாக இருக்கிறது. முகம் தேய்ந்தது ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"தேஞ்சது இன்னாத்துக்கு சார்? நல்லதா எட்துக்கோ" என்றார் கடைக்காரர்.

எங்கள் சாவிகளையெல்லாம் தேடித் தந்த அக்காவை, குவார்ட்டர்ஸை விட்ட பிறகு எங்களில் ஒருவரும் தேடவில்லை.