எங்கள் கூலிக்குள் ஒளிந்திருந்த வரி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், பி.காம். முடித்தவள். அந்தப் பெருமையோடு செய்த தவறைச் சொல்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அம்மா வீட்டிலேயே ஏப்ரன் தைத்துக் கொடுத்தார். சிறு தொழில் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. விலை பேசப் போன என்னிடம் கொள்முதல் அதிகாரி, "உங்களுக்குத்தான் வரியே இல்லையே, அதைக் குறைச்சுக் குடும்மா" என்றார். படித்த நானும் தலையாட்டினேன்.

இரண்டே மாதத்தில் அம்மா, "தெச்சிக்கினே கீறேன், கைல ஒண்ணும் நிக்கல. இன்னாடி வெல பேசின?" என்றார். அப்போதுதான் கடை பில்லை உற்றுப் பார்த்தேன். துணி, நூல், நாடா எல்லாவற்றிலும் வரி. பதிவு பெற்ற கம்பெனிகள் தாங்கள் கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், எங்களால் முடியாது. அது அம்மாவின் கூலியைத் தின்றிருந்தது.

மறுநாள் பில்லோடு அந்த அதிகாரியிடம் போய், விலையைக் கூட்டித் தரச் சொன்னேன். அவரோ, "சம்பளத்துல வரி பிடிக்கிறது எங்களுக்குத்தாம்மா. வருமான வரியைத் தூக்கிட்டு, வாங்குற பொருளுக்கு மட்டும் வரி போட்டாத்தான் நாடு உருப்படும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. "சார், உங்க சம்பளத்துல மிச்சம் பேங்க்ல போய் உக்காருது. எங்கம்மா சம்பாதிக்கிறது மொத்தமும் கடைக்குத்தான் போகுது. அப்போ அந்த வரி யார் தலையில விழும்?"

"வெலை அதேதான், இஷ்டம்னா தைங்க" என்றார்.

அந்த வேலையை விட்டுவிட்டோம். இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனிக்குத் தைக்கிறோம். பொருளுக்குக் கட்டிய வரியையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறேன். அம்மாவின் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்பதை விலை பேச உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.